அக்கா பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு பாட்டு இருந்தது. அதற்கு அக்கா பாட்டு என்று பெயர். அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, நடை பழகிக்கொண்டிருந்த வயதில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. கவுன், கொலுசு, பால் புட்டி எல்லாவற்றையும் கூடவே வைத்துப் புதைத்துவிட்டார்களாம். மிச்சம் இருந்தது அந்த மெட்டு ஒன்றுதான். அதைப் பாடித்தான் எனக்கும் எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு தம்பிகளுக்கும் அம்மா தாலாட்டினாள்.

கரங்கான் என்ற ஊரிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனால் எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் தோட்டம் என்று வாய் கூசாமல் சொல்கிறேன், அதில் ஒரு மரம்கூட எங்களுடையது இல்லை. அம்மாவுக்குப் பால்மரம் வெட்டும் வேலை, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் வேலை. வெள்ளிக்கிழமையானால் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்த அத்தனை பேரும் மாரியம்மன் கோயில் குடும்பங்கள்தான். ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூடக் கிடையாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்கா போன கதையை அம்மா அடிக்கடி சொல்வாள். அழுதுகொண்டே சொல்வாள் என்று நினைக்காதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, ஒரு நிம்மதியோடு சொல்வாள். செத்த பிள்ளையைப் பற்றி எப்படி இவளால் இப்படிப் பேச முடிகிறது என்று சின்ன வயதில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒட்டுகிற நோய், வார்டுக்குள் தாயை விட முடியாது என்றார் அங்கே வைத்தியம் பார்த்த டிரஸர். மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போக விடச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் அம்மா கெஞ்சினாள். "மரத்த வெட்டி, பாலையும் எடுத்துக் குடுத்துட்டு எங்க வேணும்னாலும் போ" என்றாராம் அவர். அந்த மண்டோரை நான் வளர்ந்தபின் பார்த்திருக்கிறேன். பல் இல்லாமல், பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவைத்த கையோடு அம்மா ஓடியிருக்கிறாள். முகம் கழுவவில்லை, பால் காய்ந்து விறைத்த சட்டையையும் மாற்றவில்லை. வார்டுக் கதவு சாத்தியிருந்தது. பலகைச் சன்னலும் சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வார்த்த ஒன்னும் வெளங்கல. கதவு சாத்தியிருக்குல்ல, மெட்டு மட்டுந்தான் வெளிய வந்துச்சு" என்பாள் அம்மா. "நடுவுல நடுவுல தண்ணி சத்தம். சரி, காய்ச்சலுக்கு ஈரத்துணியால தொடச்சிக்கிட்டே ஆயாம்மா புள்ளயத் தூங்க வைக்கிறாங்க, நாம போயி எழுப்பிவிடக் கூடாதுன்னு படியிலயே ஒக்காந்துட்டேன். எனக்கே கண்ணச் சொக்குச்சு. அப்பேர்ப்பட்ட பாட்டு."

பாட்டு நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஆயாம்மா வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "போயிட்டாம்மா" என்றார். அம்மா முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாட்டு கேட்டாளா?"

ஆயாம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "கேட்டுக்கிட்டேதாம்மா கண்ண மூடினா" என்றாராம்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்து நடமாடினாள். பெற்றவள் பக்கத்தில் இல்லை என்றாலும் பிள்ளை அழுதுகொண்டு போகவில்லை, தனியாகப் போகவில்லை, தாலாட்டு கேட்டுக்கொண்டே போனது. இதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் தெளிந்துவிடும். இது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தீம்பாருக்குள், அந்த மரக்காட்டுக்குள், போய் ஏதாவது ஒரு மரத்தில் கயிற்றைப் போட்டிருப்பேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ரப்பர் மரத்துக்கு அந்தத் தோட்டத்தில் பஞ்சமில்லை.

வார்த்தை இல்லாமல் கிடைத்த மெட்டுக்கு அம்மா தானே வார்த்தை கட்டினாள்.

*ஆராரோ ஆரிரரோ*
*அழுத கண்ணே கண்ணுறங்கு*
*பாலெடுக்கப் போன அம்மா*
*பால் கொடுக்க வந்தாச்சு*

மரத்துப் பாலும் மார்புப் பாலும் எங்களுக்கு ஒரே சொல்தான். லயத்தில் எந்தப் பிள்ளை விடாமல் அழுதாலும் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா கைலித் தொட்டிலில் போட்டு இந்த நாலு வரியைப் பாடுவாள். பிள்ளை அடங்கிவிடும். அப்பா பக்கத்தில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அந்த மெட்டை வாசித்துப் பார்ப்பார். "அஞ்சே சுரந்தான். இது நம்ம மோகனம் லா" என்பார். "அந்த ஆயாம்மா எங்கயோ நம்ம கோயில்ல கேட்டிருக்கும்."

தீபாவளிக்கு அம்மா ஆயாம்மாவுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோவாள். கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து கேக் வரும். போகும்போதெல்லாம் அம்மா, "அந்தப் பாட்ட இன்னொரு தடவ பாடுங்க, வார்த்தையக் கத்துக்கிறேன்" என்று கெஞ்சுவாள். "தொண்ட கட்டியிருக்கும்மா" என்பார் ஆயாம்மா. எந்த வருஷம் போனாலும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் அந்தக் கேக்கிலேயே கண்ணாக இருந்ததால் இதையெல்லாம் யோசிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் கூலிம் டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஆயாம்மாவின் தோட்டத்துப் பெண், கிறிஸ்தவப் பெண். என் வாயாடித்தனத்துக்கு ஈடு கொடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் சன்னலோரம் உட்கார்ந்து அக்கா பாட்டை முனகிக்கொண்டு வந்தேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"ஏய், பைத்தியமா ஒனக்கு? பஸ்ஸுல ஏறிட்டு அதப் பாடுற! டிரைவரு கொண்டுபோயி, மரக்கட்ட ஏத்திட்டு வர்ற பலாக் லோரியில விட்டுடப் போறான்."

"ஏன்டி, எங்க வீட்டுத் தாலாட்டு அது."

"தாலாட்டா? அது பொட்டிப் பாட்டுடி!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வழக்கப்படி அந்தப் பாட்டு செத்த வீட்டுக்கு மட்டும்தான். உடம்பைக் குளிப்பாட்டும்போது தொடங்குவார்கள். பிறகு சவப்பெட்டியைத் தூக்கும்போது எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். மற்ற நாளில் கோயிலில்கூடப் பாட மாட்டார்கள். வீட்டில் யாராவது மறந்துபோய் முனகினாலும், "யாரப் பொட்டியில போடப் பாக்குற?" என்று அடி விழும்.

"உயிரோட இருக்கறவங்களுக்குப் பாட மாட்டீங்களா? சாகக் கெடக்கறவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பாடினா அது சீக்கிரம் போன்னு சொல்ற மாதிரில்ல? மூச்சு நின்னப்பறந்தான் பாடணும்" என்றாள் அவள்.

குளிப்பாட்டும்போது. எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஞாபகம் வந்தது. அம்மா ஓடிவந்து கதவைத் தட்டக் கை ஓங்கியபோது உள்ளே அக்கா செத்திருந்தாள். ஆயாம்மா அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்குகிறது என்று அம்மா படியில் உட்கார்ந்து கண்ணயர்ந்த நேரமெல்லாம், எல்லாம் முடிந்துபோன நேரம். தாலாட்டும் இல்லை, கேட்டுக்கொண்டே கண்ணை மூடியதும் இல்லை. அந்தப் பாட்டைப் பிள்ளை கேட்கவே இல்லை.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மெதுவாக மூடினார். "ஒங்கம்மா காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அவ இன்னொரு தடவ புள்ளயச் சாகக் குடுத்த மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அவர் மோகனம் என்று அந்த மெட்டை எடுத்ததே இல்லை. அம்மா பாட ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். அம்மா 'வந்தாச்சு' என்று அந்தக் கடைசி வரியில் குரலை ஏற்றி இறக்கும்போது எனக்கு அழுகை வரும். கோபமும் வரும். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் டிரஸர்மேல், ஒருநாள் மண்டோர்மேல், ஒருநாள் பொய் சொன்ன ஆயாம்மாமேல்.

ஆயாம்மா இறந்தபோது நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். பால் லோரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் அம்மாவோடு கிளம்பினேன். போனதும் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டி எடுப்பதற்குள் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்பதுதான் என் திட்டம்.

"முகத்தப் பாத்தாச்சில்ல, கெளம்பும்மா. பஸ்ஸு போயிடும்" என்றேன்.

"போனா அடுத்த பஸ்ஸு வரும்."

"அம்மா, சொன்னாக் கேளு. வானம் வேற கறுக்குது."

"ஏன்டி பறக்கற? எம் புள்ளய அவங்க பாட்டுப் பாடி அனுப்பி வச்சாங்க. அவங்கள அனுப்பி வைக்க நான் நிக்க வேணாமா?"

நின்றோம். ஆயாம்மாவின் மகன்கள் பெட்டிக்குக் கீழே கை கொடுத்தார்கள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கி, "ஏய், நம்ம பாட்டுடி!" என்று சத்தமாகவே சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆயாம்மாவுக்குப் பிடித்த தாலாட்டு, அதனால் அவருக்காகப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தொட்டில் ஆட்டிப் பழகிய அவள் உடம்பு தன்னால் லேசாக ஆடியது. உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எங்க வீட்டுல புள்ளைங்களுக்கு இதத்தாங்க பாடுவேன்" என்றாள்.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, புள்ளைங்களுக்கா? இது பொட்டி எடுக்கறப்பப் பாடறதும்மா. மொதல்ல குளிப்பாட்டறப்பப் பாடுவோம், அப்பறம் தூக்கறப்ப."

"குளிப்பாட்டறப்பவா?"

"ஆமாங்க."

"உசுரு இருக்கறப்பப் பாட மாட்டீங்களா?"

"ச்சே ச்சே. அதுக்கு முன்னாடி யாரு பாடுவா?"

அம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. பெட்டி வாசலைத் தாண்டியது, பாட்டும் கூடவே தீம்பார்ப் பக்கம் போனது. கூட்டம் முழுக்கப் போய்விட்டது. அம்மா போகவில்லை. அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மரங்களுக்குள்ளிருந்து பாட்டு தேய்ந்து தேய்ந்து கேட்டது, வார்த்தை இல்லாமல். நான் அவளைத் தொடப் பயந்துகொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"தண்ணி சத்தம் கேட்டுச்சுடி" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என்னைப் பார்க்காமலே, "அதுக்குத்தான் பஸ்ஸு பஸ்ஸுன்னு பறந்தியா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆயாம்மா ஏம்மா அப்படிப் பொய் சொன்னாங்க? இத்தன வருஷமா ஒன்ன ஏமாத்தி வச்சிருக்காங்க" என்று கத்தினேன். முன் சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாத. அவங்க என்னடி செய்வாங்க? எம் மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்ல முடியும்? பாவம், தொண்ட கட்டியிருக்கு, தொண்ட கட்டியிருக்குன்னே காலத்த ஓட்டிட்டாங்க" என்றாள் அம்மா.

அன்றோடு அம்மா பாடுவதை விட்டுவிட்டாள். அக்கா கதையைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். வேலைக்குப் போனாள், சமைத்தாள், அப்பாவோடு சண்டை போட்டாள். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. யாராவது அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஒருவாட்டி பாடுங்களேன்" என்றால் மட்டும், "தொண்ட கட்டியிருக்கு" என்பாள். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கும் தம்பிகளுக்கும் ஓர் அக்கா இருந்தாள், ஒரு மெட்டாகவாவது இருந்தாள். இப்போது அந்த மெட்டும் போய்விட்டது. ஒரே பிள்ளையை எங்கள் வீட்டில் இரண்டு தடவை புதைத்தோம்.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, குருண் என்ற ஊரில் நானும் கணவரும் தொழிற்சாலை வேலைக்குப் போனோம். வாடகை வீட்டுக்கு எதிரில் ஒரு சின்ன கிறிஸ்தவக் கோயில். நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கோயிலில் கல்யாணம், காருக்கெல்லாம் ரிப்பன் கட்டியிருந்தார்கள். திடீரென்று ஆர்கனில் அந்த மெட்டு. இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள், ஒரு பெண் மேளம்போலக் கைதட்டுகிறாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் ஆர்கன் வாசித்தவரிடம் போய் நின்றேன். கணக்கு வாத்தியார், ஜித்ராவிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"கல்யாண வீட்டுல வந்து ஏங்க சார் பொட்டிப் பாட்டு வாசிக்கிறீங்க?"

அவர் திகைத்துப்போய் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "என்னம்மா பொட்டிப் பாட்டு? இது கடவுளோட கிருபைக்கு நன்றி சொல்ற பாட்டு லா. எல்லாத்துக்கும் பாடுவாங்க" என்றார். நான் கோபத்தில் தொடங்கி, அழுகையில் போய் முடித்தேன். முன்பின் தெரியாத மனிதரிடம் வார்டுக் கதவு, தண்ணீர்ச் சத்தம், ஆயாம்மா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னதுதான் அந்த மெட்டின் கதையென்று எனக்குத் தெரிந்ததெல்லாம். அதன் வார்த்தைகளை எழுதியவர் இங்கிலாந்துக்காரர். மெட்டு வேறு, அது அமெரிக்காவில் கிடைத்தது. வார்த்தை ஒரு தேசத்தில், மெட்டு இன்னொரு தேசத்தில். ரொம்ப வருஷம் கழித்து யாரோ இரண்டுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

"மெட்ட யாரு போட்டது?"

"அதான் யாருக்கும் தெரியல. பாட்டுப் புஸ்தகத்துல மெட்டு போட்டவர் பேரு இருக்க வேண்டிய எடத்துல அமெரிக்க மெட்டுன்னு மட்டுந்தான் போட்டிருக்கும். ஸ்காட்லாந்து மலைக்காரங்க கொண்டுபோனதுன்னு சிலர் சொல்றாங்க. பருத்தித் தோட்டத்து அடிமைங்க வேல செய்றப்ப முனகினதுன்னு சிலர் சொல்றாங்க. எதுக்கும் ஆதாரம் இல்ல."

தோட்டம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. "அப்ப மொதல்ல அது தாலாட்டா இருந்திருக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆயாம்மாபோல அவர் பொய் சொல்லவில்லை. "இருக்கலாம். இல்லன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல" என்றார்.

எனக்கு அது போதும். புதையலைக் கண்டெடுத்தவள்போல வீட்டுக்கு வந்தேன். அம்மா தப்பாகக் கேட்கவில்லை, அந்தத் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள்தான் ஒரு நல்ல பாட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் அம்மா பாடுவாள். என் பிள்ளைக்கு அவள் அக்கா பாட்டைப் பாட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். பெண் பிள்ளை. அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், கைலியை ஸ்பிரிங்கில் மாட்டித் தொட்டில் கட்டினாள். எல்லாம் செய்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. தொட்டிலை ஆட்டும்போது ஸ்பிரிங் சத்தம்தான் கேட்கும். ஒருநாள் மத்தியானம், அவள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது, வாத்தியார் சொன்னதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். பருத்தித் தோட்டத்தை ரப்பர்த் தோட்டம்போலவே வர்ணித்தேன்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அங்கயும் தோட்டமா?" என்றாள்.

"ஆமாம்மா. நம்மள மாதிரிதான், நம்மள விட மோசம்."

"புள்ளைங்கள எங்க விட்டுட்டு வேலைக்குப் போவாங்க?"

"தெரியலம்மா. ஆனா அது தாலாட்டாத்தான் இருந்திருக்கும். நீ கேட்டது சரிதான்."

"போட்டவ பேரு தெரியாதுன்னு சொன்னாரா?"

"தெரியாதாம்."

"மெட்டு மட்டும் தனியா இருந்துச்சு, வார்த்த அப்பறமா வேற எங்கேருந்தோ வந்து சேந்துச்சு. அப்படித்தான?"

"அப்படித்தாம்மா."

அம்மா கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். "அப்ப அதக் கேட்டுக் கொண்டாந்தவளும் கதவுக்கு வெளிய நின்னவதான்" என்றாள். "உள்ள இருந்தவளா இருந்தா வார்த்தையும் சேந்து கெடச்சிருக்கும்ல. யாரு பாடுறான்னு தெரிஞ்சிருக்கும்ல."

நான் கொண்டுவந்த புதையலை அம்மா ஒரே சொல்லில் திறந்து காட்டிவிட்டாள்.

"தாலாட்டோ ஒப்பாரியோ, எனக்கு வலி அது இல்லடி" என்றாள். "அது என்ன பாட்டா இருந்தா என்ன? நான் வந்துட்டேன். அவ இருக்கற எடத்துக்கு வந்துட்டேன். ஒரு பலகதான் நடுவுல. செத்துக் கெடக்கறவளையாச்சும் நான் எங் கையால குளிப்பாட்டியிருப்பேன். தூங்கறா, எழுப்பக் கூடாதுன்னு ஒக்காந்துட்டேனே. நல்ல பாட்டுன்னு ரசிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டேனே!"

அத்தனை வருஷத்தில் அம்மா அக்காவுக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன். வாயில் பிள்ளைத் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள். பருத்தித் தோட்டம், ஸ்காட்லாந்து, அமெரிக்கா எல்லாம் எங்கேயோ போய்விட்டன. நானும் சேர்ந்து அழுதேன்.

சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. நான் தொட்டிலைப் பிடித்து ஆட்டினேன். "நீ பாடும்மா" என்றேன்.

"நீதான் தாயி. நீ உள்ளதான இருக்க, நீ பாடு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து வெளியே போனாள். காற்றுக்கு அறைக் கதவு சாத்திக்கொள்ளப் போனது. திரும்பி வந்து அதை அகலத் திறந்து, மில்க் டின் ஒன்றை அண்டை கொடுத்தாள். "கதவ மட்டும் சாத்தாத" என்றாள். பிறகு வாசல்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அம்மாவின் குரல் கிடையாது. தெரிந்தவரைக்கும் பாடினேன். ஆராரோ வந்தது. அழுத கண்ணே கண்ணுறங்கு வந்தது. 'பாலெடுக்கப் போன அம்மா' என்ற இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் பாட முடியாமல் தொட்டிலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வாசல்படியிலிருந்து அம்மா திரும்பாமலேயே மீதியைப் பாடினாள். அதே மெட்டுதான். வார்த்தையை மாற்றிவிட்டாள்.

*பாலெடுக்கப் போன அம்மா*
*வாசலிலே நின்னாளே*

பிள்ளை அதற்கு முன்பே தூங்கிவிட்டிருந்தது.